ஸ்டெப்னி இல்லாத வண்டியில் கொடைக்கானல் மலைக்கு...



கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் மலைப்பயணப் பேச்சு தொடங்கிவிடும். சாப்பாட்டுச் சட்டி, ஜமுக்காளம், குழந்தைகளின் கம்பளிச் சட்டை, பெரியவர்களின் மருந்துப் பை என ஒவ்வொன்றையும் நினைவாக எடுத்து வைக்கிறோம். உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்த பிறகு, அதையும் முன்கூட்டியே பதிந்துகொள்கிறோம். இத்தனை ஆயத்தங்களுக்கு நடுவே, வண்டியின் நான்கு சக்கரங்களையும் ஒருமுறை குனிந்து பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

அடியேன் திண்டுக்கல்லில் வசிப்பவன். தங்கையைக் கொடைக்கானலில் கட்டிக் கொடுத்திருப்பதால் மாதம் ஒரு முறையேனும் மலையேறி இறங்குகிறேன். மூன்றாண்டுகளாக எங்கள் வீட்டில் இருப்பது மின்கார். பெட்ரோல் செலவு மிச்சம், புகை இல்லை, சத்தம் இல்லை என்று பலரும் இப்போது மின்வாகனம் வாங்குகிறார்கள், என்னிடமும் விசாரிக்கிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் சார்ஜைப் பற்றித்தான். "மலையேறப் போதுமா? வழியில் நின்றுவிடாதா?" என்பார்கள். பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஸ்டெப்னி எங்கே போயிற்று?

உங்கள் வீட்டில் மின்கார் இருந்தால் இன்றே அதன் பின்கதவைத் திறந்து, அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே மாற்றுச் சக்கரம் இருக்காது. ஒரு சிறு காற்றடிக்கும் இயந்திரமும், பால் போன்ற திரவம் அடைத்த ஒரு குப்பியும் மட்டுமே இருக்கும்.

2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 3.5 டன் எடைக்கு உட்பட்ட பயணியர் வாகனங்களில் டியூப்லெஸ் டயர், டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, பஞ்சர் சரிசெய்யும் பெட்டி ஆகிய மூன்றும் இருந்தால் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்பது அதன் சாரம். மின்வாகனங்களில் பெரிய பேட்டரி வைக்க இடம் கிடைக்கும் என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

நாம் அன்றாடம் சொல்லும் 'ஸ்டெப்னி' என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்க காலக் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் விற்கப்பட்டன. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ஆம் ஆண்டளவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினர். அந்தத் தெருவின் பெயர் கடல் கடந்து வந்து நம் ஊர் பஞ்சர் கடைகளில் நிலைத்துவிட்டது. நூறாண்டுகளுக்கு மேல் நம்முடன் வந்த அந்த ஐந்தாவது சக்கரம் இன்று விடைபெறத் தொடங்கியிருக்கிறது. ஆகவே, அது செய்துவந்த வேலையை நாம் கற்றுக்கொள்ள வேண்டியதாகிறது.

மலையும் மின்காரின் சக்கரமும்

வத்தலக்குண்டைக் கடந்து காட்ரோட்டில் மலைப்பாதை தொடங்குகிறது. அங்கிருந்து கொடைக்கானலுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பழனி வழியாக ஏறினால் 60 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பாதைகளும் பெருமாள்மலையில் ஒன்று சேர்கின்றன. இடையில் உள்ள சிற்றூர்களை விட்டால் எங்கும் காடும் பாறையும்தான். கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர் என்று போகிறவர்கள் பஞ்சர் கடையை இன்னும் அரிதாகவே காண்பார்கள்.

இத்தகைய பாதையில் மின்காரின் டயர் சாதாரணக் காரின் டயரைவிட அதிகம் உழைக்கிறது. ஒன்று, எடை. பேட்டரியின் காரணமாக, அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்கார் 200, 300 கிலோ கூடுதலாக இருப்பது வழக்கம். மற்றொன்று, இழுவிசை. மிதித்தவுடன் முழு விசையும் சக்கரத்துக்கு வந்துவிடுகிறது. இறங்கும்போதோ, மோட்டாரே வேகத்தைப் பிடித்து நிறுத்தி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஏறும்போது தள்ளுவதும் இறங்கும்போது பிடிப்பதும் ஒரே இரு சக்கரங்கள் என்பதால் அவை விரைவில் தேய்கின்றன. தேய்ந்த டயரில் ஆணி எளிதில் ஏறும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

காற்றழுத்தத்தைப் பற்றியும் ஒரு செய்தி. ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள கொடைக்கானலில் வெளிக்காற்றின் அழுத்தம் சமவெளியைவிடக் குறைவு. அதனால் அங்கே டயரை அளந்தால் அளவுகோல் சுமார் இரண்டரை பவுண்டு கூட்டிக் காட்ட வேண்டும். ஆனால் அங்கே குளிர் உண்டல்லவா? வெப்பம் 20 டிகிரி குறைந்தால் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி, சுமார் மூன்று பவுண்டு குறையும். கூடுவதும் குறைவதும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. எனவே சமவெளியில் சரியாகப் பிடித்த காற்றை மலையில் போய்க் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான்கு சக்கரங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து மூன்று, நான்கு பவுண்டு குறைந்து நிற்குமானால், அதில் ஏதோ குத்தியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

புறப்படுமுன்

முதல் நாள் மாலையே டயர் நான்கையும் கையால் தடவிப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டி எழுதப்பட்டிருக்கும் அளவுப்படி, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பிடியுங்கள். காற்றுக் குறைந்தால் சார்ஜும் சீக்கிரம் தீரும். குப்பியில் உள்ள திரவத்துக்குக் காலாவதி நாள் உண்டு; மருந்துப் புட்டியைப் பார்ப்பது போல் அதையும் பாருங்கள்.

வண்டியோடு வந்த பெட்டியுடன் இன்னும் சிலவற்றைச் சேர்த்து ஒரு பையில் வைப்பது நலம்: டியூப்லெஸ் பஞ்சர் ஒட்டும் சாமான் (துளையைத் துருவும் கூர்முனைக் கம்பி, திரி செலுத்தும் ஊசி, ரப்பர் திரிகள், சொல்யூஷன்), குறடு, கத்தி, கையுறை, டார்ச் விளக்கு, எச்சரிக்கை முக்கோணம், சோப்புத் தண்ணீர் ஒரு சிறு புட்டி, பழைய பாய் ஒன்று, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க மரக்கட்டை இரண்டு. இவையெல்லாம் ஒரு பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கிவிடும்.

மரக்கட்டையை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. மலைப்பாதையில் வண்டிக்கு முட்டாக வைத்த கல்லை வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப் போகிறார்கள். பின்னால் மூடுபனியில் வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு அந்தக் கல்லே எமனாகிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதன் சிறப்பை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். அப்படியிருக்க, இடையூறை நாமே வைத்துவிட்டு வரலாமா? கல்தான் கிடைத்தது என்றால், புறப்படுமுன் அதை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு விடியற்காலை

சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில் அத்தா சில வாரங்கள் தங்கையின் வீட்டில் இருந்தார்கள். மதுரையில் அவர்களுக்குக் கண் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். காலை பத்து மணிக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் மறு தேதி கிடைக்க வாரங்கள் ஆகும். சுப்ஹு தொழுதுவிட்டு உடனே கிளம்பினோம். முன்னிருக்கையில் அத்தா, பின்னால் என் துணைவியாரும் மகளும்.

பெருமாள்மலையைத் தாண்டிச் சற்று நேரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இடது பின்சக்கரத்தில் 33 பவுண்டு இருக்க வேண்டிய காற்று 27 என்று காட்டியது; பார்த்துக்கொண்டிருக்கும்போதே 26 ஆயிற்று. வளைவில் நிறுத்துவது ஆபத்து. மெதுவாக உருட்டிக்கொண்டு போய், முந்நூறு மீட்டர் தள்ளிப் பாதை அகன்று சமமாக இருந்த இடத்தில் ஓரங்கட்டினேன்.

மகள் டார்ச்சுடன் முக்கோணத்தைக் கொண்டுபோய் வளைவுக்கு அப்பால், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்தாள். அத்தாவைத் துணைவியார் மலைச்சுவர் பக்கம் அழைத்துச் சென்று சால்வை போர்த்தி நிறுத்திக்கொண்டார். கையில் இருந்த கைப்பேசியில் உதவி எண்ணுக்கும் பேசினார். வண்டி வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்களும் அடிவாரத்திலிருந்து ஏறித்தானே வரவேண்டும்!

டயரைப் பார்த்தேன். தகரக் கூரைக்கு அடிக்கும் திருகாணி ஒன்று நடுப்பட்டையில் ஏறியிருந்தது. நடுப்பட்டையில் இருந்தது நல்லதாயிற்று. ஆணியைக் கண்டவுடன் பிடுங்கத் தோன்றும், பிடுங்கக் கூடாது. அதுவே அடைப்பாக இருந்து காற்றைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. திரியை ஊசியில் கோத்துச் சொல்யூஷன் தடவி ஆயத்தமாக வைத்துக்கொண்ட பிறகே குறடால் திருகி எடுத்தேன். அது ஏறியிருந்த அதே சாய்வில் கூர்முனைக் கம்பியை நுழைத்து நாலைந்து முறை துருவினேன். பிறகு திரியை ஊசியோடு அழுத்தி, அரை அங்குலம் வெளியே நிற்கும்படி நிறுத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் கத்தியால் நறுக்கியாயிற்று.

காற்றடிக்கும் இயந்திரம் காரில் உள்ள 12 வோல்ட் துளையில் இணைந்து இயங்குவது. அது ஓடும்போது வண்டி இயங்கும் நிலையில் இருப்பது நல்லது. இல்லையேல் சிறு பேட்டரி இறங்கிவிட, பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் வண்டி கிளம்பாமல் போகலாம். அந்தச் சமயத்தில் நிறுத்து பிரேக் போட்டிருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் குழந்தை எதுவும் ஏறிவிடக் கூடாது. மின்கார் உயிரோடிருப்பதைக் காது சொல்லாது.

அழுத்தமானியை மகளிடம் கொடுத்தேன். "முப்பது... முப்பத்தொன்று... முப்பத்து மூணு, அத்தா!" என்று அவள் எண்ணியது இன்னும் காதில் நிற்கிறது. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், குமிழி இல்லை. நின்றதிலிருந்து கிளம்பியது வரை இருபத்தைந்து நிமிடம். வத்தலக்குண்டில் நிறுத்தி மீண்டும் அளந்தோம், அழுத்தம் குறையவில்லை. மதுரைக்கு ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ், அத்தா இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு நாளிதழைத் தாமே வாசிக்கிறார்கள்.

அன்று நான் தனியாக இருந்திருந்தால் இவ்வளவு விரைவில் முடிந்திருக்காது. ஒருவர் வெளிச்சம் காட்ட, ஒருவர் பின்னால் வரும் வண்டியைக் கவனிக்க, ஒருவர் முதியவரைப் பார்த்துக்கொள்ள, மூவரும் சேர்ந்து செய்த வேலை அது. ஆகவே சகோதரிகளே, இப்பக்கத்தை "ஆண்களுக்கானது" என்று புரட்டிவிடாதீர்கள். கார் ஓட்டத் தெரிந்த பெண்கள் நம் சமுதாயத்தில் பெருகியுள்ளனர். காற்றை அளக்கவும், திரி போடவும் தெரிந்துகொள்ள அரை நாள் போதும். பழைய டயர் ஒன்றில் ஆணியடித்து வீட்டு முற்றத்திலேயே பழகலாம். என் மகள் அப்படித்தான் பழகினாள்.

திரிக்கும் திரவத்துக்கும் அடங்காதவை

எல்லாப் பஞ்சரும் இவ்வாறு முடிவதில்லை. டயரின் பக்கவாட்டில் கிழிசல் கண்டால், திரியும் நிற்காது, திரவமும் நிற்காது. சாலையோரத்துக் கூரிய கல்லில் உரசினால் நேர்வது இதுவே. எதிரே பேருந்து வரும்போது அவசரப்பட்டு ஓரத்து மண்ணில் இறங்காமல், அகலமான இடம் பார்த்து முன்கூட்டியே ஒதுங்கி நிற்பதே இதற்குத் தடுப்பு.

திரவத்தையும் எடுத்த எடுப்பில் பயன்படுத்த வேண்டாம். திரி போட முடியாதவர்க்கு அது நல்ல துணை. நடுப்பட்டையில் சுமார் 6 மில்லிமீட்டர் வரையுள்ள துளையை அடைக்கும். ஆனால் அது தற்காலிக ஏற்பாடு. ஊற்றிய பின் வேகத்தைக் குறைத்து ஓட்டி, கடைக்குப் போனதும், உள்ளே திரவம் இருக்கிறது என்று கடைக்காரரிடம் முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டயரைப் பிரிக்கும்போது அவர்மேல் கொட்டும்; அழுத்தம் காட்டும் கருவியையும் துடைக்காமல் விட்டுவிடுவார்.

இவையிரண்டும் பயன்படாதபோது ரெக்கவரி வண்டிதான் வழி. அப்போது ஒன்றை உறுதியாகச் சொல்லுங்கள்: வண்டியை முழுமையாக மேலே ஏற்றிச் செல்ல வேண்டும். கயிறு கட்டி இழுத்தாலோ, இழுக்கும் சக்கரங்கள் தரையில் உருளும்படி தூக்கிச் சென்றாலோ, அந்தச் சுழற்சியில் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும், கருவிகள் பழுதாகும். பாதையில் பல இடங்களில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. கடைசியாகக் கண்ட கிலோமீட்டர் கல்லின் எண்ணை மனத்தில் வைத்திருந்தால், அவ்வழி வரும் பேருந்து ஓட்டுநரிடமாவது சொல்லியனுப்பலாம்.

மாற்றுச் சக்கரம் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: சரிவில் ஒருபோதும் ஜாக்கி வைக்காதீர்கள். பெட்ரோல் காரை முதல் கியரில் போட்டு நிறுத்தினால் எஞ்சினே ஓரளவு பிடித்துக்கொள்ளும். மின்காரில் அந்தப் பிடி இல்லை. வண்டியை முழுவதும் அணைத்து, நிறுத்து பிரேக் போட்டு, கட்டையும் வையுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். மின்காரின் அடிப்பகுதி முழுவதும் பேட்டரி பரந்திருப்பதால், அடிவிளிம்பில் குறியிட்ட இடத்தில் மட்டுமே ஜாக்கியை வைக்க வேண்டும்.

ஸ்கூட்டர் வைத்திருப்போர்க்கு

ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தயாராகும் மின் ஸ்கூட்டர்களை இன்று மலையூர்களிலும் காண்கிறோம். இவற்றுள் சிலவற்றில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. 2020-இல் வந்த டி.வி.எஸ். ஐக்யூப் அவ்வகையைச் சேர்ந்தது. அச்சின் வழியே தடித்த கம்பிகள் மோட்டாருக்குப் போவதால், பழைய ஸ்கூட்டர் போல் சக்கரத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு நடக்க முடியாது. ஆனால் டயர் டியூப்லெஸ். சக்கரத்தைக் கழற்றாமலே திரி போட்டுவிடலாம். இருக்கையின் அடியில் திரிப் பெட்டியும், சார்ஜ் செய்யும் கையடக்கப் பம்பும் இருந்தால் போதும்.

"கரண்டு வண்டி, பாய்!"

மதுரையிலிருந்து திரும்பிய மறுநாள், உள்பக்கமாகப் பட்டை ஒட்டி நிலையாகச் சரிசெய்வதற்காகத் திண்டுக்கல்லில் ஒரு பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்கார இளைஞர் வண்டியைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். "கரண்டு வண்டி, பாய்! நான் கை வைக்க மாட்டேன். ஷாக் அடிச்சிருச்சுன்னா?"

அவருடைய அச்சத்தை இகழ முடியாது. அந்த வண்டிக்குள் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் இருப்பது உண்மை. ஆனால் அது உலோகப் பெட்டிக்குள் மூடப்பட்டிருக்கிறது. அதன் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிற உறை உண்டு. ஆரஞ்சு நிறத்தைத் தொடாத வரை, சக்கரம் கழற்றுவது எந்தக் காரிலும் கழற்றுவது போன்றதே. இதைச் சொல்லி, நானும் அருகில் குந்தி, ஜாக்கி வைக்கும் இடத்தைக் காட்டினேன். அவர் அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அரை மணியில் முடித்துவிட்டார். இப்போது அவர் கடையில் மின்கார்கள் நிற்பதைப் பார்க்கிறேன்.

அன்புள்ளங்களே! உடலுழைப்பால் பிழைக்கும் இத்தகைய சிறு கடைக்காரர்கள் நம் ஊர்களில் ஏராளம். பெட்ரோல் வண்டிகள் குறையக் குறைய, மெக்கானிக்குகள் பலரின் பிழைப்பு என்னாகுமோ என்ற கவலை எழுகிறது. ஆனால் மின்வாகனத்துக்கும் டயர் உண்டு. அதுவும் விரைவில் தேயும் டயர். இந்தத் தொழில் அழியாது. அச்சம் நீங்கியவர்க்கு வேலை கூடவே செய்யும். அடுத்த முறை காற்றுப் பிடிக்கப் போகும்போது, உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள ஜாக்கிப் படத்தையும் ஆரஞ்சுக் கம்பியைப் பற்றிய எச்சரிக்கையையும் உங்கள் தெருக் கடைக்காரருக்குக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். ஓர் இரவில் உங்களுக்கோ, உங்களுக்குத் தெரியாத ஒரு குடும்பத்துக்கோ அது உதவக்கூடும்.